ஏழாம் பிளாக்கில் எல்லோருக்கும் உப்பாக ஆசை

என்னைக் காஸ்டிக் சோடா என்று முதலில் சொன்னவள் பக்கத்து வீட்டு வனஜா. முகத்துக்கு நேராகச் சொல்லியிருந்தால் அங்கேயே நாலு கேள்வி கேட்டு விஷயத்தை முடித்திருப்பேன். அவளோ பின்பால்கனியில் துணிக்குச் சோப்புப் போட்டுக்கொண்டே சுவரிடம் சொன்னாள். ஆவடி டாங்கி ஃபேக்டரி குவார்ட்டர்ஸில் இரண்டு வீட்டுக்கு நடுவே இருக்கும் சுவர், சர்க்கார் கணக்குக்குத்தான் சுவர். அந்தப் பக்கம் தும்மினால் இந்தப் பக்கம் மூக்கைத் துடைத்துக்கொள்ளலாம்.

"நாகம்மாக்கா, ஞானக்கா, பால்ராஜண்ணே. மூணு பேரும் சேந்தா காஸ்டிக் சோடா. கிட்ட போனா எரியும். நாகம்மாக்கா, ஞானக்கா, பால்ராஜண்ணே..."

ஞானக்கா நான்தான். முழுப் பெயர் ஞானம்மாள், சொந்த ஊர் நாசரேத் பக்கம். பால்ராஜ் என் வீட்டுக்காரர், ஃபேக்டரியில் வெல்டர். நாகம்மாள் கீழ் வீட்டுக்காரி. அவளைப் பற்றிப் பிறகு சொல்கிறேன், சொல்லாமல் இருக்கவும் முடியாது. அடுப்பில் புளிக்குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. அதை இறக்கி வைத்துவிட்டுப் போய் வனஜா வீட்டுக் கதவை இடித்தேன். தட்டவில்லை, இடித்தேன்.

"ஏட்டி வனஜா, யாரப் பாத்து காஸ்டிக் சோடான்னு சொல்லுத?"

வனஜா கை நிறைய நுரையோடு வந்து நின்றாள். பாரிவாக்கத்துப் பெண். ஊதினால் பறந்துவிடும் உடம்பு.

"ஐய, திட்டலக்கா. படிச்சிகினு இருந்தேன்."

அவள் ஏன் படிக்கிறாள் என்பது எங்கள் ஏழாம் பிளாக் முழுக்கத் தெரிந்த விஷயம். குவார்ட்டர்ஸ் பால்வாடியில் டீச்சரம்மா பிரசவத்துக்குப் போனவர் திரும்பி வரவில்லை. உதவிக்குப் போன வனஜாதான் அந்த இடத்தில் நின்று பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிள்ளைகள் அவளை 'வனஜா டீச்சர்' என்று கூப்பிடும். அந்த ஒரு வார்த்தைக்காக அவள் காலையில் சாப்பிடாமல்கூட ஓடுவாள். ஆனால் வேலை அவளுக்கே நிலைக்க வேண்டுமென்றால் பத்தாம் வகுப்பு பாஸ் செய்திருக்க வேண்டும், வயது முப்பதுக்குள் இருக்க வேண்டும். தை மாதம் அவளுக்கு முப்பது முடிகிறது. பத்தாம் வகுப்பில் எல்லாம் பாஸ், அறிவியல் மட்டும் ஃபெயில். அந்த எண்பத்தெட்டாம் வருஷத்து அக்டோபர் பரீட்சைதான் அவளுக்குக் கடைசி. அதிலும் கோட்டை விட்டால் வேறு யாராவது வந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்துகொள்வார்கள்.

அறிவியலில் அவளுக்கு வில்லன் சோடியம். உப்பும் வெள்ளை, சமையல் சோடாவும் வெள்ளை, சலவை சோடாவும் வெள்ளை, காஸ்டிக் சோடாவும் வெள்ளை. பரீட்சையில்தான் குழம்புகிறாள் என்று நினைத்தோம். ஆகஸ்ட் பதினைந்துக்குக் கொடியேற்றிவிட்டு அவள் போட்டுத் தந்த போண்டாவைக் கடித்தபோதுதான் தெரிந்தது, சமையலறையிலும் அதே குழப்பம்தான் என்று. ஆப்பச் சோடாவுக்குப் பதிலாகச் சலவை சோடாவைப் போட்டிருந்தாள். இரண்டும் பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் பக்கத்தில் பக்கத்தில் இருந்ததாம். தேசிய கீதம் பாட வேண்டிய வாயெல்லாம் குழாயடியில் கொப்பளித்துக்கொண்டு நின்றது.

"அன்னிலேர்ந்துதான்கா இப்டி படிக்கிறேன்" என்றாள் வனஜா. "புக்கப் பாத்தா எழுத்தா கீது, மண்டையில நிக்கல. மனுசாளா நெனச்சிகினா நிக்குது. மொதல்ல சோடியத்துக்கு ஆள் தேடுனேன். நம்ம நாகம்மாக்கா."

இதைக் கேட்டதும் எனக்குக் கோபம் பாதி இறங்கியது. காரணம், பொருத்தம் அப்படி. சோடியத்தைத் தண்ணீரில் போட்டால் வெடிக்கும் என்று அவள் புத்தகத்தில் இருக்கிறது. நாகம்மாள் காலையில் குழாயடிக்கு வந்தால் என்ன நடக்கும் என்று ஏழாம் பிளாக்கில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். சோடியத்தை மண்ணெண்ணெய்க்குள் போட்டு வைத்தால் சமர்த்தாக இருக்குமாம். ரேஷன் கடை மண்ணெண்ணெய் வரிசையில் நாகம்மாளைப் பார்க்க வேண்டுமே! எல்லோரையும் நலம் விசாரிப்பாள், முன்னால் நிற்பவளுக்குத் தலை பின்னிவிடுவாள். இன்னொன்று, சோடியத்திடம் ஏதோ ஒன்று கூடுதலாக இருக்குமாம், அதை யார் தலையிலாவது கட்டினால்தான் அதற்கு நிம்மதியாம். நாகம்மாளிடம் எப்போதும் ஒரு சேதி கூடுதலாக இருக்கும்.

"சரி, அவ புருசன்?"

"கஜபதி அண்ணாத்தே குளோரின்."

அதுவும் சரிதான். கஜபதி பம்ப் ஹவுஸில் வேலை. தண்ணீர்த் தொட்டியில் பிளீச்சிங் பவுடர் கொட்டிவிட்டு அந்த வாடையோடுதான் வீட்டுக்கு வருவார். பேச்சும் அதே நெடி. தனியாக அவர் விஷம், தனியாக அவள் வெடி. ஆனால் ஒரு வீட்டில் விசேஷம் என்றால் இரண்டு பேரும் ஜோடியாக வந்து நின்றுவிடுவார்கள். கோலம், பந்தல், பந்தி எல்லாம் அவர்கள் பொறுப்பு. அவர்கள் இல்லாத விசேஷம் சப்பென்று இருக்கும்.

"ரெண்டும் சேந்தா NaCl. சாப்பாட்டு உப்பு" என்றாள் வனஜா.

"அப்ப நான்?"

வனஜா ஒரு அடி பின்னால் போனாள். "NaOH-ல OH நீங்க ரெண்டு பேரும். O நீங்க, H அண்ணாத்தே. நீங்க எங்க போனாலும் அவரும் கூடவே வர்றாரில்ல? ஒலகத்துலயே லேசான பொருள் ஹைட்ரஜன்தான்கா."

பால்ராஜ் நிறுத்தாமல் சாப்பிட்டும் நாற்பத்தைந்து கிலோ. மறுக்க வழியில்லை. "அதுக்கு ஏம்ட்டி எரியணும்?"

"நாகம்மாக்காவும் நீங்களும் சேந்து பேசினா... நீங்களே சொல்லுங்க."

போன பொங்கலுக்கு நானும் நாகம்மாளும் சேர்ந்து பேசியதில்தான் நாலாம் பிளாக்கில் ஒருத்தி வீடு மாற்றிக்கொண்டு சேக்காட்டுக்கே போய்விட்டாள். அதைச் சொல்லி என்ன ஆகப் போகிறது?

ஆனால் அடுத்ததாக அவள் சொன்னதுதான் என்னால் தாங்க முடியவில்லை. சமையல் சோடா NaHCO3. அதில் நாகம்மாள் இருக்கிறாள், H இருக்கிறது. என்னைக் காணோம்.

"ஏட்டி, நான் இல்லாம எங்க வீட்டுக்காரருக்கு அங்க என்ன சோலி?"

"புக்குலயே அப்டிதான்கா போட்டுகீது. கூட CO3 கீதுல்ல. சம்பத்தண்ணனும் அவரு ஆளுங்க மூணு பேரும்."

சம்பத் ஃபேக்டரி சங்கத்தின் தலைவர், கோயம்புத்தூர்க்காரர். மூன்று ஆள் இல்லாமல் கக்கூஸுக்குக்கூடப் போக மாட்டார். கூட்டத்தில் பேசினால் பேசப் பேச உப்புவார், அந்த விதத்தில் சமையல் சோடாவுக்கு அவர் பொருத்தம்தான். இருந்தாலும் அன்று சாயங்காலம் பால்ராஜ் ஷிப்ட் முடிந்து வந்து காபியைக் கையில் எடுத்ததும் கேட்டேன், "நாகம்மாகூட உங்களுக்கு சமையல் சோடால என்ன வேல?" மனுஷர் காபியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "எந்தச் சோடாட்டி?" என்றார். குற்றமுள்ளவர்கள் எல்லோரும் முதலில் இப்படித்தான் கேட்பார்கள்.

இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. நாகம்மாளிடம் மட்டும்தான் சொன்னேன். நாகம்மாளிடம் சொன்னால் வேறு யாருக்கும் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை.

நாகம்மாளுக்கு ஒரே பெருமை. "உப்புலயும் நான், சோடாலயும் நானு. என்ன உட்டா இந்தப் பாடமே கெடையாது, தெரிஞ்சிக்கோ" என்று மாடிப்படியில் ஏறி இறங்கினாள். சலவை சோடாவில் இரண்டு சோடியம் என்று கேள்விப்பட்டதும் மூன்றாம் மாடியிலிருந்த தங்கச்சி அன்னம்மாளையும் இழுத்துக்கொண்டு வந்தாள். அக்காவை அப்படியே நகல் எடுத்த மாதிரி இருப்பாள் அன்னம்மாள், குரல் மட்டும் இன்னும் ஒரு பங்கு அதிகம். சலவை சோடாவோடு பத்துத் தண்ணீர் ஒட்டிக்கொண்டிருக்குமாம். காற்றுப் பட்டால் ஒன்பது போய்விடும், ஒன்று மட்டும் போகாதாம். அன்னம்மாள் வீட்டுக்கு ஆடி மாதம் பூந்தமல்லியிலிருந்து பத்து விருந்தாளிகள் வந்து, ஒன்பது பேர் கிளம்பி, மாமியார் வேம்புலியம்மாள் மட்டும் இன்னும் இருந்தாள். வனஜா இதையும் விடவில்லை.

மற்றவர்களுக்குத்தான் வயிறு எரிந்தது. சம்பத் மூன்று ஆளோடு வனஜா வீட்டு வாசலுக்கு வந்துவிட்டார்.

"ஏனுங்க அம்மிணி, என்னைச் சூடு பண்ணினா நான் காத்தாப் போயிருவேனாமா? எலெக்‌ஷன் வருதுங்க. எதிர்ச் சங்கத்துக்காரன் காதுல விழுந்தா என்னாகறது?"

எதிர்ச் சங்கத்துக்காரர் கங்காதரன் அதே பிளாக்கில் எதிர் வீடு. கதவைத் திறந்து வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். மறுநாள் அவர் வந்து, "சம்பத்துக்கு ஒரு எடம் குடுத்தா எனக்கும் ஒண்ணு குடுக்கணும்மா. சமத்துவம் வோணும்" என்றார். அவருக்கும் மூன்று ஆள்.

மேல் மாடி பார்த்தசாரதி சார் இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில் பெரிய உத்தியோகம், யாரோடும் பேசமாட்டார். அவரே இறங்கி வந்தார். "இத்தனை வருஷமா இந்தப் பிளாக்ல இருக்கேன். எதிலுமே என் பேர் இல்லையாமே?"

"நீங்க ஆர்கான் சார். எதுகூடவும் சேராது. மந்த வாயு."

பார்த்தசாரதி சாரின் முகம் வாடிப்போனது. மந்தம் என்று யாரும் அவரை அதுவரை சொன்னதில்லை. எனக்கே பாவமாக இருந்தது. அதற்காக நான் என் கோரிக்கையை விட்டுவிட முடியுமா? நானும் போய் நின்றேன். "இந்தா பாரு வனஜா. கடைசியா சொல்லுதேன். என்ன உப்புல சேத்துக்கிடு. இல்லன்னா உங்க வீட்டுக்கு மாவாட்ட கிரைண்டர் தர மாட்டேன்."

வனஜா யாருக்கு முடியாது என்று சொல்வாள்? பால்வாடியில் நாற்பது பிள்ளைகள் ஒரே நேரத்தில் அழுதால் நாற்பதையும் தூக்கப் பார்ப்பவள் அவள். என்னை உப்பில் சேர்த்தாள். சம்பத்தையும் உப்பில் சேர்த்தாள். சம்பத் சேர்ந்ததால் கங்காதரனைச் சேர்த்தாள். ஆர்கானும் உப்புக்கு வந்துவிட்டது. எல்லோருக்கும் சந்தோஷம். பிளாக்கில் ஒரு வாரம் சண்டையே இல்லை, நாகம்மாள்கூடக் குழாயடியில் வழிவிட்டாள்.

பரீட்சைக்குப் பத்து நாள் இருக்கும். பின்பால்கனியில் துணி அலசிக்கொண்டிருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் வனஜாவின் வீட்டுக்காரர் மனோகரன் அவளிடம் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார். அவரும் என் வீட்டுக்காரர் மாதிரி எலும்பும் தோலும்தான்.

"சாப்பாட்டு உப்பு?"

"NaCl."

"காஸ்டிக் சோடா?"

"NaCl."

"சலவை சோடா?"

"NaCl."

"வனஜா, எல்லாத்துக்கும் இன்னா ஒரே பதில் சொல்லிகினு கீறே?"

வனஜா ஓவென்று அழ ஆரம்பித்தாள். "எல்லாரும் உப்பாய்ட்டாங்க. நான் இன்னாத்த பண்றது? சோடா செய்யறதுக்கு ஒரு ஆளு இல்ல. நான் பரீட்சைக்கே போவல. பால்வாடிக்கு வேற யாராச்சும் வரட்டும்."

முந்தின நாள்தான் பால்வாடி வழியாக வந்தேன். ஒரு பிள்ளை அவள் முந்தானையில் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தது, இன்னொன்று அவள் மடியில் தூங்கிக்கொண்டிருந்தது, அவள் இரண்டையும் அசைக்காமல் மூன்றாவதற்கு அ, ஆ சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். இப்படி ஒருத்தியை ஒரு உப்புக்காக வீட்டுக்கு அனுப்புவதா? அலசின துணியை அப்படியே போட்டுவிட்டுப் போய் அவள் முன்னால் நின்றேன்.

"அழாதட்டி. நான் காஸ்டிக் சோடாவாவே இருந்துட்டுப் போறேன்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "நெசமாவாக்கா?"

"எரிஞ்சா எரியட்டும். மத்தவங்கள நான் பாத்துக்கிடுதேன்."

ஞாயிற்றுக்கிழமை காலையில் குழாயடிக்கு எல்லோரையும் வரவழைத்தேன். வர மறுத்தவர்கள் வீட்டுக்கு நாகம்மாளை அனுப்பினேன், உடனே வந்துவிட்டார்கள். "யாரும் உப்பு கிடையாது. அவ படிச்ச மாதிரிதான் எல்லாரும் நிக்கணும். ஒரு தடவ நின்னு காட்டிட்டா அவளுக்கு மறக்காது" என்றேன்.

வனஜாவுக்கு ரொம்ப நாளாக இடித்த கேள்வி ஒன்றுதான்: சமையல் சோடாவைச் சூடு பண்ணினால் என்ன ஆகும்? அதற்கு இரண்டு சமையல் சோடா வேண்டும். முதல் சோடாவுக்கு நாகம்மாள், என் பால்ராஜ், சம்பத், அவர் ஆள் மூன்று பேர். இரண்டாவதற்கு அன்னம்மாள், மனோகரன், கங்காதரன், அவர் ஆள் மூன்று பேர். பார்த்தசாரதி சார் தயங்கித் தயங்கி, "ஆர்கானுக்கு ஏதாவது..." என்றார். அவரை அடுப்பாக்கினேன். மனுஷருக்கு முகம் மலர்ந்தது. நடுவில் போய் நின்று இரண்டு கையையும் விரித்து விரலை ஆட்டினார். நல்ல ஜுவாலை.

"சூடு ஏறுது" என்றாள் வனஜா. "இப்ப ஒரு C, ரெண்டு O-வ கூட்டிகினு வாயுவா மேல போவணும். மொட்டை மாடிக்கு."

யாரும் அசையவில்லை. "அவர் போகட்டுங்க" என்றார் சம்பத். "நீ போயேன்யா" என்றார் கங்காதரன். சங்கத்துக்குச் சங்கம் விட்டுக்கொடுப்பார்களா? அடுப்புக்குக் கை வலிக்க ஆரம்பித்தது. நான் ஒரு வார்த்தை சொன்னேன்.

"மேல போறவருதான பெரிய தலைவரு? கீழ நிக்கவங்க கீழதான்."

சொல்லி வாயை மூடவில்லை. இரண்டு பேரும் படிக்கட்டில் ஒரே நேரத்தில் பாய்ந்தார்கள். பின்னால் ஆறு ஆட்கள். படிக்கட்டோ ஒரு ஆள் போகிற அகலம்.

"ஐயோ, ரெண்டு பேரும் போனா சலவை சோடா யாரு?" என்று கத்தினாள் வனஜா. "நாகம்மாக்கா, புடி!"

நாகம்மாள் ஒரு பக்கமும் அன்னம்மாள் ஒரு பக்கமும் கங்காதரனின் சட்டையைப் பிடித்தார்கள். அவர் திமிறினார். தலைவரை இழுக்கிறார்களே என்று அவருடைய மூன்று ஆட்களும் இறங்கி வந்து அவரோடு ஒட்டிக்கொண்டார்கள். அடுப்பு இன்னும் வேகமாக விரலை ஆட்டியது. ஒன்றும் நடக்கவில்லை, அவர் நின்ற இடத்திலேயே நின்றார்.

"பாத்துக்கோ வனஜா!" என்று நாகம்மாள் மூச்சிரைக்கக் கத்தினாள். "நாங்க ரெண்டு பேரும் புடிச்சா எந்தச் சூட்டுக்கும் அசையாது!"

வனஜா வாயைப் பொத்திக்கொண்டாள். "அப்டியேதான்கா புக்குல கீது! சலவை சோடா சூட்டுல செதையாது!"

சம்பத் மொட்டை மாடியில் நின்று வெற்றி பெற்றவர் மாதிரி கையை ஆட்டினார். கூட இருந்தது இரண்டு ஆள். மூன்றாவது ஆள் தசரதன் நெரிசலில் கீழேயே தங்கிவிட்டான். பதினைந்து வருஷத்தில் தலைவரை விட்டு ஒரு நாளும் பிரியாதவன். பால்ராஜும் மனோகரனும் ஆளுக்கொரு கையாக அவனைப் பிடித்து நடுவில் நிறுத்திக்கொண்டார்கள்.

"தலைவரே, நானு?" என்று மேலே பார்த்துக் கேட்டான். குரல் உடைந்திருந்தது.

"நீ தண்ணி ஆயிட்டே தசரதா!" என்று மேலேயிருந்து பதில் வந்தது.

அவன் கண்ணிலும் தண்ணீர் வந்துவிட்டது. வனஜா ஒவ்வொருவராக விரல் விட்டு எண்ணினாள். மேலே ஒரு கூட்டம், தண்ணீர் ஒரு கூட்டம், சலவை சோடா ஒரு கூட்டம். ஒரு ஆள் கூடவில்லை, ஒரு ஆள் குறையவில்லை. "சமமா வந்துடுச்சு! சமமா வந்துடுச்சுக்கா!" என்று குழாயடியில் குதித்தாள். நானும் குதித்தேன், சொல்ல என்ன வெட்கம்.

பரீட்சை அம்பத்தூரில் ஒரு பள்ளிக்கூடத்தில். ரயிலில் நானே கூட்டிக்கொண்டு போனேன். அவள் உள்ளே இருந்த நேரமெல்லாம் நான் வெளியே வேப்பமரத்தடியில் நின்று, தெரிந்த ஜெபம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, கடைசியில் ஜெபம் தீர்ந்து NaHCO3 சொல்லிக்கொண்டிருந்தேன். வெளியே வந்தவள் என்னைக் கட்டிக்கொண்டாள். சமையல் சோடாக் கேள்வி வந்திருந்ததாம். தசரதனைக்கூட மறக்காமல் எழுதினாளாம்.

திரும்பி வரும்போது ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து பாதாம் காய் தின்றுகொண்டு வந்தோம். திருமுல்லைவாயில் தாண்டியதும் அவள் வாய் திடீரென்று நின்றது.

"அக்கா."

"என்னட்டி?"

"காஸ்டிக் சோடா கேட்டுருந்தான். வாய்பாடு, ஒரு பண்பு, ஒரு பயன். ரெண்டு மார்க்கு. NaOH-னு கரெக்ட்டா எழுதிட்டேன். அப்பால அவசரத்துல..."

"அவசரத்துல?"

"பண்புன்ற எடத்துல, 'ஞானக்காவும் நாகம்மாக்காவும் சேந்து கீறப்ப கிட்ட போனா எரியும்'னு எழுதிட்டேன்கா."

அண்ணனூர் ஸ்டேஷன் வந்து, ஆள் ஏறி, ஆள் இறங்கி, வண்டி கிளம்பும்வரை பாதாம் காயை நறநறவென்று கடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்து சீட்டு அம்மாள்கூட என்னைப் பார்த்துவிட்டுக் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள்.

"பயன்?" என்றேன் கடைசியில்.

"அது ஞாபகமில்லக்கா" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அப்புறம் காத்திருந்ததுதான் காத்திருப்பு. தபால்காரர் பிளாக்குக்குள் நுழைந்தால் நாலு மாடியிலும் தலை தெரியும். மந்த வாயுவே எட்டிப் பார்க்கும். டிசம்பரில் கிறிஸ்துமஸுக்கு நான் முறுக்குப் பிழிந்துகொண்டிருந்தபோது மனோகரன் படிக்கட்டில் ஓடி வந்தார், கையில் மார்க் ஷீட். அறிவியல், முப்பத்தைந்து. பாஸாவதற்கு வேண்டியதும் முப்பத்தைந்து.

பிளாக்கே கத்தியது. சம்பத்தும் கங்காதரனும் ஒருவர் கையை ஒருவர் குலுக்கிக்கொண்டார்கள், அதை ஏழாம் பிளாக் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. வனஜா என் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். நானும் மாவுக் கையோடு அழுதேன். அழுது முடித்து மூக்கைச் சிந்தும்போதுதான் எனக்கு மூளை வேலை செய்தது. ரெண்டு மார்க் கேள்வி. அதில் ஒரு மார்க்கைக் குறைத்திருந்தால்கூட முப்பத்து நாலு, ஃபெயில். அப்படியானால், எந்த ஊரிலோ இருந்துகொண்டு என் முகத்தையே பார்க்காத ஒரு வாத்தியார், நானும் நாகம்மாளும் சேர்ந்தால் எரியும் என்பதைப் படித்து, சரி என்று போட்டு, மார்க்கும் கொடுத்திருக்கிறார்!

பால்ராஜ் மார்க் ஷீட்டை வாங்கி, கீழே இருந்த அரசாங்க முத்திரையை உற்றுப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

"கவர்மெண்ட்டே எழுதிக் குடுத்துட்டு. இனிமே நான் சொல்லதுக்கு என்ன இருக்கு?"

முறுக்குப் பிழியும் உழக்கை எடுத்துக்கொண்டு நான் அவர் பக்கம் திரும்பியபோது வனஜா நடுவில் வந்து என் கையைப் பிடித்தாள்.

"அக்கா, பயன் இன்னா எழுதினேன்னு கேட்டீங்கல்ல? ஞாபகமில்லன்னு பொய் சொன்னேன். 'அவங்க இல்லாட்டி சோப்பு கெடையாது. அழுக்கு போவாது. நான் பாஸாயிட்டா அது அவங்களாலதான்'னு எழுதிட்டு வந்தேன்."

நான் உழக்கைக் கீழே வைத்தேன். அந்த வாத்தியார் மார்க் போட்டது எதற்கு என்று இப்போது எனக்குத் தெரிந்துவிட்டது, பண்புக்கு இல்லை. யார் என்ன சொன்னாலும் பயனுக்குத்தான்.

தை மாதம் வனஜாவுக்கு வேலை உறுதியானது. மறுநாள் காலை குழாயடியில் வழக்கம்போல நாகம்மாளுக்கும் எனக்கும் குடத்தை முதலில் யார் வைத்தது என்று ஆரம்பித்தது. வனஜா டீச்சர் பால்வாடிப் பிள்ளைகளை வரிசையாக நடத்திக்கொண்டு அந்த வழியாக வந்தவள் சட்டென்று நின்றாள்.

"பசங்களா, அந்தப் பக்கம் போவாதீங்க. எரியும்."

பிள்ளைகள் எங்களைப் பார்த்து, "எரியும்ம்ம்" என்று ராகம் போட்டன. நாகம்மாள் என்னைப் பார்த்தாள். நான் நாகம்மாளைப் பார்த்தேன். இரண்டு பேரும் குடத்தைக் கீழே வைத்துவிட்டு, சேர்ந்து, அவளைத் திட்ட ஆரம்பித்தோம்.